கெடாவின் கோட்டையும் கோயில்களும்: ஓர் ஆய்வுப் பயணம்

முன்னுரை

பழைய கோட்டைகளையும் வரலாற்று ஊர்களையும் பார்க்க வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே பரவலாக உள்ளது. ஸ்பெயின் நாட்டுக் கிராமப்புறங்களில் குன்றுகளின் மேல் நிற்கும் இடைக்காலக் கோட்டைகளின் படங்களைக் காட்டி, "இந்த மாதிரி நம்ம ஊர்ல ஒன்னும் இல்லையே சார்" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். நான் அலோர் ஸ்டாரில் ஆசிரியனாகப் பணியாற்றுகிறேன். இப்பேரவையின் முன்னாள் உறுப்பினன். கடந்த சில ஆண்டுகளாகப் பள்ளி விடுமுறைகளில் மாணவர்களையும், பேரவைத் தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு கெடாவின் பழைய இடங்களைச் சுற்றி வருகிறேன். அப்பயணங்களில் கற்றவற்றை ஒரு பாடமாகத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயணம் புறப்படுமுன் ஒவ்வொருவரும் நான்கு கேள்விகளை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இதைக் கட்டியவர் யார்? எதைக் கொண்டு கட்டினர்? ஏன் இந்த இடத்தில் கட்டினர்? இன்று இதைக் காப்பவர் யார்? முதல் மூன்று கேள்விகளுக்கும் நூல்களில் ஓரளவு விடை கிடைக்கும். நான்காவது கேள்விக்கு நேரில் சென்றுதான் விடை தேட வேண்டும். அந்தக் கேள்விதான் நம் சமுதாயத்தைச் சுடும் கேள்வி என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

1. அலோர் ஸ்டார்: நடந்தே பார்க்கக்கூடிய வரலாறு

அலோர் ஸ்டார் நகரை 1735இல் சுல்தான் முகமது ஜீவா தோற்றுவித்தார். அலோர் என்பது நீரோடை. ஸ்டார் (செத்தார்) என்பது ஒரு மரத்தின் பெயர். ஓடையும் மரமும் சேர்ந்து ஊரின் பெயராயின. ஓடைக்கரை மரங்களால் பெயர்பெற்ற ஊர்கள் தமிழகத்திலும் ஏராளம் என்பதால் இப்பெயர் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

நகர மையத்தில் இறங்கினால் சில நிமிட நடைத் தொலைவுக்குள் மூன்று கட்டடங்களைப் பார்த்துவிடலாம். முதலாவது பாலாய் பெசார் எனப்படும் அரச மண்டபம். மர வேலைப்பாடு மிக்க இம்மண்டபத்தின் மூல வடிவம் நகரம் தோன்றிய 1735ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1770இல் பூகிஸ் படையெடுப்பிலும், 1821இல் சயாமியப் படையெடுப்பிலும் அலோர் ஸ்டார் சூறையாடப்பட்டது. இன்று நாம் காண்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுப்பப்பட்ட மண்டபமாகும்.

இரண்டாவது, 1906இல் கட்டப்பட்ட பாலாய் நோபாட் என்னும் எண்கோணக் கோபுரம். அரச விழாக்களில் மட்டும் ஒலிக்கும் நோபாட் இசைக்கருவிகள் இங்கே வைக்கப்பட்டுள்ளன. மூன்றாவது, சாஹிர் பள்ளிவாசல். 1912இல் தொடங்கிய இதன் பணி 1915இல் நிறைவுற்றது. கருநிறக் கவிகைமாடங்களைக் கொண்ட இப்பள்ளிவாசலின் அழகை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அது நிற்கும் நிலத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. 1821இல் சயாமியரை எதிர்த்து மடிந்த கெடா வீரர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது.

மூன்று கட்டடங்களிலும் 1821 என்ற ஆண்டு ஏதோ ஒரு வகையில் தலைகாட்டுவதை மாணவர்கள் விரைவில் கண்டுபிடித்து விடுவார்கள். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதை அறிய நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆற்று முகத்துவாரத்துக்குச் செல்ல வேண்டும்.

2. கோலா கெடா கோட்டை: சுவர் மட்டும் காக்குமா?

கோலா கெடா என்றதும் லங்காவிக்குச் செல்லும் படகுத்துறைதான் நம் நினைவுக்கு வரும். படகுத்துறைக்கு எதிர்க்கரையில் ஒரு செங்கல் கோட்டை நிற்கிறது. கெடா ஆறு கடலில் கலக்கும் இடம் அது. ஏன் இந்த இடம் என்ற கேள்விக்கு அங்கே நின்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும். கடலிலிருந்து அலோர் ஸ்டாருக்குச் செல்லும் எந்தப் படகும் இந்தச் சுவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வாசலில் கதவு வைப்பதுபோல ஆற்றின் வாயில் கோட்டை வைத்தார்கள்.

இன்றைய செங்கல் கோட்டை 1771க்கும் 1780க்கும் இடையே எழுந்தது. 1770இல் பூகிஸ் படை தாக்கியதை முன்னரே பார்த்தோம். அடிபட்ட கையோடு கோட்டை கட்டத் தொடங்கினர் என்பதை ஆண்டுகளே சொல்லிவிடுகின்றன. அதற்கு முன்பும் இம்முகத்துவாரம் அமைதியாக இருந்ததில்லை. 1619இல் அச்சே அரசின் படை கெடாவைத் தாக்கிப் பெரும் அழிவை உண்டாக்கியது.

கோட்டை எழுந்த சில ஆண்டுகளில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டார். சயாமின் அச்சுறுத்தலிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே கெடா சுல்தான் தீவை விட்டுக் கொடுக்க இசைந்தார். தீவு கைமாறியது, படை உதவி வரவில்லை. 1791இல் தீவை மீட்க சுல்தான் செய்த முயற்சியும் தோற்றது.

இதன் விளைவை 1821 நவம்பரில் கெடா அனுபவித்தது. பர்மாவுடன் போரிட அரிசி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சயாமியக் கப்பல்கள் கோலா கெடாவுக்குள் நுழைந்தன. உள்ளே வந்தபின் அவற்றிலிருந்து படைவீரர்கள் இறங்கினர். சுல்தான் அகமது தாஜுடின் பினாங்குக்குத் தப்பிச் சென்றார். 1842 வரை அவரால் ஆட்சிக்குத் திரும்ப இயலவில்லை. இடையில் 1831இலும் 1838இலும் கெடா மக்கள் போராடிக் கோட்டையை மீட்டனர்; ஆனால் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. 1838இல் கோட்டையைக் கடல்வழியே முற்றுகையிட்டுச் சயாமுக்குத் துணை நின்றவை பிரிட்டிஷ் கப்பல்களே.

தடித்த சுவரும், அகழியும், பீரங்கியும் இருந்தும் கோட்டை விழுந்தது. நண்பர்போல் வந்தவரை உள்ளே விட்டதும், காப்பார் என நம்பியவர் கைவிட்டதுமே அதற்குக் காரணங்கள். கோட்டைச் சுவரின்மேல் அமர்ந்து இதை விளக்கும்போது மாணவர்கள் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

நான்காவது கேள்விக்கு இங்கே விடை எளிது. கோட்டை புதுப்பிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. இதன் அருமையை உணர மலாக்காவை நினைத்துப் பார்க்க வேண்டும். போர்த்துகீசியர் கட்டிய பெரும் கோட்டையை 1807இல் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். இன்று எஞ்சியிருப்பது ஒரு வாயில் மட்டுமே. பகைவரின் பீரங்கிக்குத் தப்பிய கட்டடம் ஓர் அலுவலரின் கையெழுத்துக்குத் தப்பாமல் போகலாம் என்பது வரலாறு தரும் பாடம்.

3. கால்வாய் ஓரமாக ஜெராய் மலைக்கு

அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே குரூண் நோக்கிப் பழைய சாலையில் செல்லும்போது சாலையோரமாக ஒரு கால்வாய் நேர்கோடு பிடித்ததுபோல் கூடவே வருவதைக் காணலாம். மந்திரி பெசார் வான் முகமது சமான் 1885இல் தொடங்கிய இக்கால்வாய் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளமுடையது. சதுப்பாகக் கிடந்த நிலம் வயலாக மாறியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. அரிசியைக் காரணம் காட்டிப் படையெடுத்த கதையைக் கேட்டுவிட்டு வரும் மாணவர்களுக்கு இருபுறமும் விரியும் நெல்வயல்கள் வேறுபொருள் தரும்.

கால்வாய் முடியும் பக்கம் ஜெராய் மலை எழுகிறது. அதன் உயரம் சுமார் 1,217 மீட்டர். உயரத்தில் இது பெரிய மலையன்று. ஆனால் கடலோரச் சமவெளியில் தனித்து நிற்பதால் வெகு தொலைவிலிருந்தே தெரியும். வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து வந்த மாலுமிக்குக் கலங்கரை விளக்கமாக அமைந்தது இம்மலையே. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வந்தவர்கள், வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும்வரை திரும்பிப் போக இயலாது. காற்று மாறும் வரை தங்க வேண்டும். தங்கினால் தண்ணீர், உணவு, சரக்குக் கிடங்கு, வழிபாட்டிடம் எல்லாம் வேண்டும். மலையின் தெற்கே மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் ஊர்கள் தோன்றியதன் காரணம் இதுதான். கோலா கெடாவில் உள்ளே வருவோரைத் தடுக்கக் கட்டினார்கள். பூஜாங்கில் வந்தோர் தங்கக் கட்டினார்கள்.

4. பூஜாங் பள்ளத்தாக்கு: கற்கள் சொல்வது என்ன?

இப்பகுதியின் தொல்பொருள்களை முதலில் பதிவு செய்தவர் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி. செபராங் பிறையின் வடபகுதியில் 1834இல் அவர் கண்டெடுத்த ஒரு கல்வெட்டு புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பயணம் நலமாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலைத் தெரிவிக்கிறது. இது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த மாலுமியின் ஊர் வங்காளப் பகுதியில் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் தம் துணைவியாருடன் இங்கே அகழாய்வு நடத்தி, முப்பது இடங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்தார். எட்டாம் எண் இடமே புகழ்பெற்ற சண்டி புக்கிட் பத்து பகாட். இதனை 1958க்கும் 1960க்கும் இடையே ஆலஸ்டர் லாம்ப் முழுமையாக அகழ்ந்து, சிதறிக் கிடந்த கற்களை அடுக்கிச் சீரமைத்தார். அதன் அருகிலேயே 1980இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வேறிடங்களில் கண்டெடுக்கப்பட்ட பெண்டிட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய சண்டிகளின் அடித்தளங்களும் பெயர்த்துக் கொணரப்பட்டு அவ்வளாகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன.

சண்டி புக்கிட் பத்து பகாட்டின் முன் மாணவர்களை நிறுத்தி, "கூரை எங்கே?" என்று கேட்பேன். கருவறைப் பகுதியும் அதன்முன் மண்டபப் பகுதியும் தெளிவாகத் தெரியும். மண்டபத்தில் வரிசையாகத் தூண் தாங்கும் கற்கள் உள்ளன. கல்தூண் ஒன்றுகூட இல்லை. தூண்கள் மரத்தால் ஆனவை. அவற்றின்மேல் இருந்த கூரையும் நிலைக்காத பொருளால் ஆனது. அடித்தளம் கல், மேற்கட்டு மரம். கருவறையும் மண்டபமும் கொண்ட திட்டம் இந்தியக் கோயில் மரபைச் சேர்ந்தது. மரத்தை ஆண்ட கைத்திறன் இந்த மண்ணுக்குரியது. தஞ்சையிலிருந்து ஒரு கோயிலை அப்படியே பெயர்த்து வைத்தார்கள் என்று சொல்ல இக்கட்டடமே இடம் தரவில்லை.

இங்கே கிடைத்த கற்பேழைகளும் கவனத்துக்குரியவை. நடுவில் ஒரு குழியும் சுற்றிலும் எட்டுக் குழிகளுமாக அமைந்த அப்பேழைகளில் உலோகத் துண்டுகளும் மணிகளும் வைத்துக் கட்டடத்தின் அடியில் புதைத்திருந்தனர். கோயில் எழுப்புமுன் கருவறையின்கீழ் மணியும் பொன்னும் வைக்கும் வழக்கம் நம் கோயில்களில் இன்றும் உண்டு. ஆயிரம் ஆண்டு இடைவெளியை ஒரு சிறு கற்பேழை சட்டென்று குறைத்து விடுகிறது.

அருங்காட்சியகத்தின் உள்ளே சீனப் பீங்கான் துண்டுகளும், மத்திய கிழக்கிலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகளும், பலநிற மணிகளும் உள்ளன. பள்ளத்தாக்கின் பழைய சான்றுகள் பல பௌத்தத்தைச் சார்ந்தவை. பின்னைய சண்டிகளில் சைவத்தின் அடையாளங்கள் மிகுதி. ஆக, பல மொழி பேசியவர்களும் பல தெய்வங்களை வணங்கியவர்களும் பருவக்காற்றின் கணக்குப்படி வந்து போன இடம் பூஜாங் என்பது தெளிவு.

இதற்கு மேலும் வலுச் சேர்ப்பது சுங்கை பத்து. பீடோங்குக்கு அருகிலுள்ள இவ்விடத்தில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய அளவில் அகழாய்வு நடத்தினர். செம்பனை மரங்களுக்கிடையே இரும்பு உருக்கிய உலைகளும், துருத்தியின் ஊதுகுழாய்களும், இரும்புக் கசடும், படகுத்துறைகளும், செங்கற்களால் ஆன சடங்கு மேடை ஒன்றும் வெளிப்பட்டன. இவற்றுள் சிலவற்றைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டு செல்லும் கணிப்புகளும் உண்டு. அவை குறித்து ஆய்வாளரிடையே விவாதம் நடக்கிறது. எப்படி இருப்பினும், வணிகர் வந்து இறங்கும் முன்பே இங்குத் தொழில் தெரிந்த மக்கள் வாழ்ந்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது.

5. கடாரம்: வென்ற ஓர் ஆண்டும் வாழ்ந்த பல நூற்றாண்டுகளும்

பூஜாங்கில் நிற்கும் தமிழ் மாணவர் வாயிலிருந்து முதலில் வரும் பெயர் இராசேந்திர சோழன். சாண்டில்யனின் 'கடல் புறா'வைப் படித்து வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் வேறெப்படிக் கேட்பார்கள்? "இதெல்லாம் இராசேந்திரன் கட்டியதுதானே சார்?" என்ற கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டும். பூஜாங்கில் அவன் பெயரைத் தாங்கிய கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. அவனுடைய கடற்படையெடுப்பு 1025ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், நக்கவாரம் முதலிய இடங்களுடன் கடாரத்தையும் வரிசைப்படுத்துகிறது. அக்கடாரம் இன்றைய கெடாவே என்பது பெரும்பாலான அறிஞர் துணிபு.

ஆனால் சான்றுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேறொரு படம் தெரியும். சங்க இலக்கியமான பட்டினப்பாலை, புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களிடையே காழகத்துப் பொருளையும் குறிப்பிடுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதைக் கடாரம் என்றே விளக்குகிறார். பின்னர் முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனாயிருந்த மாற விஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரத்தை அமைத்தான். அதற்கு இராசராசன் 1006ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். இச்செய்தியைத் தருவது பெரிய லெய்டன் செப்பேடு. அடுத்து 1025இல் படையெடுப்பு. 1068ஐ ஒட்டி வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, உதவி நாடி வந்த அதன் அரசனுக்கே திருப்பித் தந்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. 1090இல், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியதற்கிணங்க, நாகப்பட்டின விகாரத்துக்குரிய ஊர்களின் உரிமைகளை முதலாம் குலோத்துங்கன் உறுதிப்படுத்தினான். இது சிறிய லெய்டன் செப்பேட்டின் செய்தி.

கொடை, போர், மீட்டுத் தருதல், மீண்டும் கொடை. இந்த நீண்ட உறவில் போர் ஒரு பகுதி மட்டுமே. நாம் அந்த ஓர் ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மேடைதோறும் "கடாரம் கொண்டான்" என்று முழங்குகிறோம். இதில் இரண்டு தீமைகள் உள்ளன. முதலாவது, உடன் வாழும் மலாய் நண்பருக்குப் பூஜாங் என்பது அந்நியர் வெற்றிச் சின்னமாகத் தோன்றிவிடும். தன்னை வென்றவனின் சின்னத்தைக் காக்க யாருக்கு மனம் வரும்? இரண்டாவது, பெருமை பேசிவிட்டால் கடமை முடிந்ததென்று நாமும் வீடு திரும்பிவிடுவோம். வணிகரும் மாலுமியரும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் சேர்ந்து உருவாக்கிய ஊர் என்று சொன்னால், அது உண்மைக்கும் நெருக்கமானது. அதைக் காக்கும் பொறுப்பும் எல்லாருக்கும் பொதுவாகும்.

6. பதினோராம் எண் சண்டி

இப்போது நான்காவது கேள்விக்கு வருவோம். குவாரிட்ச் வேல்ஸ் எண் கொடுத்துப் பதிவு செய்த இடங்களுள் பதினோராவது, சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்தது. 2013இல் வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் சமன் செய்யப்பட்டபோது அந்தச் சண்டி இடிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் செய்தி வெளியானபோது நாடே அதிர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனக் கூறப்பட்ட கட்டடம் அது. நிலம் தனியாருடையது, அந்த இடம் மரபுடைமைத் தளமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகளாக ஆய்வு நூல்களில் எண்ணோடு இருந்த இடம், நிலப்பதிவேட்டில் வெறும் தோட்ட நிலமாகவே இருந்தது.

இந்நேர்வை ஸ்பெயினோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 1949 ஏப்ரலில் ஓர் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. நாட்டிலுள்ள கோட்டைகள் அனைத்தும், எவ்வளவு சிதைந்திருந்தாலும், அரசின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என அது அறிவித்தது. ஒவ்வொன்றாக விண்ணப்பித்துப் பட்டியலில் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோட்டையாக இருந்தாலே போதும். இவ்வாணையால் மட்டுமே எல்லாக் கோட்டைகளும் பிழைத்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. எனினும் இடிப்பவர்தாம் முதலில் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலை அங்கே உண்டாயிற்று. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி எவரும் பரிந்துரை செய்யலாம். அப்படியொரு வாய்ப்பு இருப்பதை நம் பட்டதாரிகளுள் எத்தனை பேர் அறிவர்?

பிறரை மட்டும் குறைகூறுவதும் நேர்மையாகாது. கடாரத்து மன்னன் விகாரம் எழுப்பிய நாகப்பட்டினத்தில், நெடுங்காலம் நின்ற பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 1867இல் இடிக்கப்பட்டது. கடலின் இரு கரைகளிலும் இதே கதைதான்.

7. தோட்டத்து மண்ணுக்கு அடியிலும் மேலும்

பீடோங் வட்டாரத்தில் பல ஆண்டுகள் பால்மரம் சீவிய மூதாட்டி ஒருவரை ஒரு பயணத்தின்போது சந்தித்தோம். மரங்களுக்கிடையே கிடந்த செங்கல் மேடுகளைப் பற்றி மாணவி ஒருத்தி கேட்டாள். "எந்தச் சாமி வீடுன்னு எங்களுக்கு என்னம்மா தெரியும்? பழைய கல்லுன்னு தெரியும். அது மேல ஒக்காந்து வெத்தலபாக்கு போடுவோம். ஆனா காலால எத்த மாட்டோம்" என்றார் அவர். காலால் எத்தாத அந்த மரியாதைதான் பாதுகாப்பின் முதல் படி என்று மாணவர்களிடம் சொன்னேன். எழுதி வைப்பது இரண்டாம் படி.

அந்த மூதாட்டி வாழ்ந்த தோட்டமும் இன்று வரலாறாகிக் கொண்டிருக்கிறது. பீடோங்கின் ஹார்வர்டு தோட்டத்தில்தான் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கிளர்ந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடைகளை எதிர்த்து, தொழிலாளரின் மானத்துக்காக நின்ற இயக்கம் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். இவை நடந்த இடங்களுள் எத்தனையில் ஒரு பெயர்ப்பலகையாவது இருக்கிறது?

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. லயன் வீடுகள், ஆயாக்கொட்டகை, தோட்டத்து மாரியம்மன் கோயில், இடுகாடு ஆகியவை ஒவ்வொன்றாக மறைகின்றன. பதினோராம் எண் சண்டிக்கு ஓர் எண்ணாவது இருந்தது. நம் தோட்டங்களுக்கு அதுவும் இல்லை.

8. மாணவர் செய்யத்தக்கவை

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்பும் பேரவை உறுப்பினர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலாவதாக, இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் அலோர் ஸ்டாரும் கோலா கெடாவும். மறுநாள் ஜெராய் மலையடிவாரமும் அருங்காட்சியகமும் சுங்கை பத்துவும். முன்கூட்டியே தொடர்பு கொண்டு திறந்திருக்கும் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவதாக, சண்டியின்மேல் கற்பூரம் ஏற்றாதீர்கள். செங்கல் துண்டு ஒன்றையும் நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள். பக்தியோடு எடுத்தாலும் இழப்பு இழப்புதான்.

மூன்றாவதாக, மலாய், சீன நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கோலா கெடாவின் கதையை மலாய் நண்பர் சொல்ல நாம் கேட்கவும், கற்பேழையின் பொருளை நாம் சொல்ல அவர் கேட்கவும் வாய்ப்பு அமையும். பெங்காலான் பூஜாங்கின் பீங்கான் துண்டுகளைச் சீன நண்பர் ஆர்வத்தோடு பார்ப்பதைக் காண்பீர்கள்.

நான்காவதாக, ஒவ்வொருவரும் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயர், பிரிவுகள், கோயில், பள்ளி, வேலைமுறை, மக்கள் இடம்பெயர்ந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். படமும் வரைபடமும் சேர்த்துப் பல்கலைக்கழக நூலகத்திலும் பேரவையிலும் ஒவ்வொரு படி வையுங்கள். சொல்ல வல்ல முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

முடிவுரை

கெடாவில் கோட்டையும் உண்டு, கோயிலும் உண்டு, இரும்பு உருக்கிய ஊரும் உண்டு. அவற்றைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு "நாங்கள்" என்று அவசரப்பட்டு விடை சொல்வதைவிட, காப்பவர் யார் என்ற கேள்விக்கு "நாங்களும்" என்று சொல்லும் நிலையை அடைவதே கற்றவர்க்கு அழகு. அதற்குத் தேவையானவை வாசிப்பும், நேரில் சென்று பார்க்கும் பழக்கமும், எழுதி வைக்கும் பொறுமையும்தான். இவை மூன்றும் பல்கலைக்கழக மாணவருக்கு எட்டாத பொருள்கள் அல்ல. வரும் ஆண்டு மலரில், தம் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையையாவது படிக்கக் காத்திருக்கிறேன்.